மார்பகப் புற்றுநோய் வந்த பிறகும் வாழ்க்கை நல்லபடி மாற: வடசென்னைப் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்த நாளிலிருந்து எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "தைரியமா இரு." மாமியார் சொல்வார், எதிர் வீட்டு அக்கா சொல்வார், ஓ.பி. வரிசையில் முன்னால் நிற்கும் முகம் தெரியாத பெண்ணும் சொல்வார். தைரியமாக இருக்க என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

நான் தண்டையார்பேட்டைக்காரி. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் மூன்றையும் பார்த்து வந்தவள். இப்போது காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கத்துப் பெண்களுக்கு ஆஸ்பத்திரித் துணையாகப் போய் வருகிறேன். நோய் வந்த பிறகு முன்பைவிட நிம்மதியாக வாழ ஆரம்பித்த பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் எல்லோரிடமும் இரண்டு விஷயங்கள் பொதுவாக இருந்தன. வாயைத் திறந்து பேசினார்கள். சுமையைப் பங்கு போட்டார்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டைச் சுற்றித்தான் வரும்.

இதை ஆராய்ந்தவர்களும் உண்டு. ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், பெரிய அடி விழுந்த பிறகு மனிதர்களுக்குள் வரும் நல்ல மாற்றத்தை அளக்க 1996-இல் 21 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அது ஐந்து இடங்களில் மாற்றத்தைத் தேடுகிறது: மற்றவர்களோடு உள்ள உறவு, புதிய வழிகள், தன் பலத்தின் மேல் நம்பிக்கை, ஆன்மிகம், வாழ்க்கையின் அருமை தெரிவது. 2001-இல் வந்த ஓர் ஆய்வு, மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களை அதே வயதுள்ள, நோயில்லாத பெண்களோடு ஒப்பிட்டது. உறவு, ஆன்மிகம், வாழ்க்கையின் அருமை ஆகிய மூன்றிலும் நோய் வந்தவர்களே அதிக மாற்றத்தைச் சொன்னார்கள். அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: தன் நோயைப் பற்றி மற்றவர்களிடம் பேசியிருந்த பெண்களிடம் மாற்றம் கூடுதலாக இருந்தது. நோய் தெரிந்து நாளாக ஆக அது மேலும் கூடியது.

ஆகவே அவசரம் வேண்டாம். மாற்றம் வரவில்லையே என்று குற்ற உணர்ச்சியும் வேண்டாம். நோய் வந்தவள் ஞானியாகித் தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உயிரோடு, வலியில்லாமல், பிள்ளைகளோடு இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் இந்தப் படிகளில் பாதி உதவும்.

படி 1: வைத்தியத்தை உங்கள் கைக்குள் கொண்டு வாருங்கள்

மனசு சந்தோஷமாக இருந்தால் கட்டி கரைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்ல மனநிலை ஆயுளைக் கூட்டும் என்று ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. இதில் ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது: நீங்கள் அழுவதாலோ பயப்படுவதாலோ நோய் வளராது. மனசு அதன் பாட்டுக்கு இருக்கட்டும், கட்டியை மருந்தும் கத்தியும் பார்த்துக்கொள்ளும். தேதி தவறாமல் போவதுதான் உங்கள் வேலை.

ஒரு பைல் வாங்குங்கள். பயாப்சி ரிப்போர்ட், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, கீமோ அட்டை எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். ஒரு ஜெராக்ஸ் செட் வீட்டில் இருக்கட்டும். பிறகு டாக்டரிடம் கேளுங்கள்: என்ன ஸ்டேஜ்? ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 ரிசல்ட் என்ன? முதல் இரண்டும் ஹார்மோன் சம்பந்தப்பட்டவை. பாசிட்டிவ் என்று வந்தால் டமாக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளைக் குறைந்தது 5 வருடம் சாப்பிட வேண்டியிருக்கும். ஹெர்-2 என்பது கட்டியை வளர வைக்கும் ஒரு புரதம். அது பாசிட்டிவ் என்றால் அதற்கென்றே தனி ஊசி இருக்கிறது. எட்டாவது வரை படித்த ஒரு காசிமேட்டு அக்கா இந்த மூன்றையும் மனப்பாடமாகச் சொல்வார். "என் உடம்புல நடக்கிறது எனக்குப் புரியுது" என்று அவர் சொன்ன அன்று அவர் முகமே வேறு மாதிரி இருந்தது. தன் பலத்தில் நம்பிக்கை என்று ஆய்வாளர்கள் சொல்வது இப்படித்தான் ஆரம்பிக்கும்.

செலவு பற்றிச் சுருக்கமாக. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு பீச் ஸ்டேஷன் பக்கம் ராஜாஜி சாலையில் இருக்கும் கலெக்டர் ஆபீசில் விசாரியுங்கள். நமக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி ஜி.எச். இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் ஆரம்பித்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போவதும் இப்போது சுலபம். 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும்.

படி 2: அழ ஓர் இடம் பாருங்கள்

ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது அழ இடம் ஏது? குழாயைத் திறந்துவிட்டு பாத்ரூமில் அழுபவர்கள் உண்டு. ஹவுசிங் போர்டு மொட்டை மாடியில் காயும் புடவைகளுக்கு நடுவே நின்று அழுபவர்கள் உண்டு. எந்த இடமானாலும் சரி, ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது, "கொஞ்ச நேரம் அங்க இருப்பேன், கூப்பிடாதீங்க" என்று சொல்லிவையுங்கள். துக்கமும் மாற்றமும் ஒரே சமயத்தில் ஒரே ஆளிடம் இருக்கும். ஒன்று தீர்ந்த பிறகுதான் மற்றது வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

"என்ன பாவம் பண்ணினேனோ" என்ற கேள்வி கட்டாயம் வரும். உங்களுக்கு வராவிட்டாலும் யாராவது கொண்டு வந்து போடுவார்கள். பாவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வயது, மரபணு, ஹார்மோன், உடல் எடை, மது என்று காரணங்கள் பல சேர்ந்து வருவது இது. பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். அடிபட்டதாலோ, இறுக்கமான உள்ளாடையாலோ, கண் பட்டதாலோ வருவதில்லை. தாய்ப்பால் கொடுப்பது ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மை. அதற்காக, ஒரு பெண்ணைப் பார்த்து "நீ சரியா பால் குடுக்கல, அதான்" என்று சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. நிறையப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவர்களுக்கும் வருகிறது.

இது ஒட்டாது. தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே, ஒட்டாது என்று சொல்லிவிடுங்கள். விட்டால் அது பழக்கமாகிவிடும்.

படி 3: யாரிடம், என்ன, எவ்வளவு சொல்வது

நம் தெருக்களில் ரகசியம் நிற்காது. நீங்கள் சொல்லாவிட்டால் வேறொருவர் வேறு விதமாகச் சொல்வார். அதனால் முந்திக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள்: உங்களை நடுவில் வெட்டாமல் கேட்பவர் ஒருவர், ஆஸ்பத்திரிக்கு வரக்கூடியவர் ஒருவர், பணம் காசு விஷயத்தில் நம்பக்கூடியவர் ஒருவர். மூன்றும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. கணவர் இதில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. நன்றாகக் கேட்டுக்கொள்ளும் கணவர்கள் உண்டு, பயத்தில் வாயடைத்துப் போகிறவர்களும் உண்டு. பேசத் தெரியாத மனிதரிடம் வேலையைக் கொடுங்கள். மாத்திரை வாங்குவது, இன்ஷூரன்ஸ் பேப்பர் எடுத்துப் போவது என்று ஏதாவது ஒன்று கையில் இருந்தால் அவருக்கும் பேச்சு வரும்.

பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள். அப்புறம் மூன்று வாக்கியம் போதும்: "இது உன்னால வரல. உனக்கு ஒட்டாது. முடி கொட்டும், திரும்ப வளரும்." அம்மா செத்துவிடுவாளா என்று கேட்டால், "டாக்டர் நல்ல மருந்து குடுக்கிறாங்க, நான் தவறாம போறேன், ஏதாவது மாறினா உன்கிட்ட சொல்வேன்" என்று சொல்லலாம். அதில் பொய் இல்லை.

"ஏதாவது உதவி வேணும்னா சொல்லும்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். நாமும் "சரிக்கா" என்று தலையாட்டி அனுப்பிவிடுகிறோம். அடுத்த முறை அப்படி விடாதீர்கள். "செவ்வாய்க்கிழமை சின்னவனை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர்றீங்களா?" "கீமோ அன்னிக்கு ஒரு ரசம் மட்டும் வெச்சுத் தர்றீங்களா?" என்று நாளும் வேலையும் சேர்த்துக் கேளுங்கள். ரேஷன் கடை வரிசை, சுய உதவிக் குழுவின் தவணை கட்டுவது, மாமியாரின் சுகர் மாத்திரை எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். கேட்கப் பழகாத பெண்களுக்கு இது மிகக் கஷ்டம். ஆனால் நான் பார்த்த வரையில் பக்கத்து வீட்டு உறவு உண்மையிலேயே நெருங்குவது இங்கேதான்.

சிலர் வந்து உட்கார்ந்து, யார் யார் இந்த நோயில் போனார்கள் என்று கதை சொல்வார்கள். கேட்டுக்கொண்டு இருக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "அந்தக் கதை இப்ப வேண்டாம்கா" என்று நேராகவே சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

படி 4: குடத்தை இறக்கி வையுங்கள்

இந்தப் படியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உடம்பும் வீட்டு ஒழுங்கும் சேர்ந்து மாறும் இடம் இது.

மார்பக ஆபரேஷனில் பெரும்பாலும் அக்குளில் இருந்து நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பார்கள். அந்தப் பக்கத்துக் கையில் இருந்து நிணநீர் வடியும் பாதை குறைந்துவிடும். அதனால் கை வீங்கும் ஆபத்து ஆபரேஷன் முடிந்து வருடங்கள் ஆனாலும் இருக்கிறது. அந்தக் கையில் ஊசி போடுவதையும் பி.பி. பார்ப்பதையும் முடிந்த வரை தவிர்க்கச் சொல்வார்கள். நர்ஸ் அவசரத்தில் கேட்காவிட்டால் நீங்களே அடுத்த கையை நீட்டுங்கள்.

நம் ஏரியாவில் இதற்கு என்ன அர்த்தம்? தண்ணி லாரி வந்து நின்றதும் ஓடுகிற வேலை, அடி பம்பு அடிக்கிற வேலை, குடத்தை இடுப்பில் வைத்து மாடி ஏறுகிற வேலை. 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ. ஆபரேஷன் முடிந்த கொஞ்ச காலத்துக்கு அதைத் தொடவே கூடாது. பிறகும் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவில், சின்னப் பாத்திரத்தில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடையைக் கூட்ட வேண்டும். ஒரு காலத்தில் அந்தக் கையால் எதையும் தூக்கவே கூடாது என்றார்கள். இப்போது, படிப்படியாகப் பழக்கினால் பலம் கூடும், வீக்கம் அதனால் மோசமாவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன.

கொருக்குப்பேட்டையில் ஒரு வீடு. அந்த அம்மாவின் மகன் கல்லூரிப் பையன், குடம் தூக்கினால் தெருவில் பையன்கள் கிண்டல் செய்வார்கள் என்று ஒதுங்கியே இருந்தவன். அம்மா ஆபரேஷன் முடிந்து வந்த வாரம் லாரி ஹாரன் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. "தம்பி, என்னால முடியாது" என்று மட்டும் சொன்னார். அவன் இரண்டு கையிலும் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினான். ஏறி வரும்போது பாதித் தண்ணீர் படியில் கொட்டியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்று வரை தண்ணீர் அவன் பொறுப்புதான். "இருபது வருஷமா நான் கேட்காததால யாரும் தூக்கல" என்று அந்த அம்மா சொல்வார்.

மீன் வேலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அருவாமனையில் மீன் ஆயும்போது முள் குத்துவதும் செதில் கீறுவதும் நமக்கு ஒரு விஷயமே இல்லை. ஆனால் முடிச்சு எடுத்த கையில் சின்னக் கீறல்கூட கிருமி ஏறி வீக்கத்தைக் கிளப்பிவிடும். கெட்டியான ரப்பர் கையுறை போடாமல் உட்காராதீர்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதேபோல கீமோ ஓடும் காலத்தில் உடம்புச் சூடு 100.4 டிகிரி தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவானாலும் கிளம்புங்கள்.

டாக்டர் அனுமதித்த பிறகு சுவர்ப் பயிற்சியை ஆரம்பியுங்கள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் மெதுவாக மேலே நகருங்கள். வலிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி, விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த வாரம் அதற்கு மேல் ஒரு கோடு. என் வீட்டு அடுப்படிச் சுவரில் அந்தக் கோடுகள் சுவிட்ச் போர்டுக்குக் கீழே ஆரம்பித்து அஞ்சறைப் பெட்டி இருக்கும் மேல் தட்டு வரை போயிருக்கின்றன. வெள்ளை அடித்தபோது அந்த இடத்தை மட்டும் விடச் சொன்னேன். பிசியோதெரபிக்கு அலைய முடியாதவர்கள் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம் அது. வீட்டுக்கு வந்து பயிற்சி சொல்லிக்கொடுப்பதும் அதில் உண்டு.

நடையும் முக்கியம். கீமோ அசதிக்கு ஓய்வைவிட மிதமான நடையே அதிகம் உதவுகிறது. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது இலக்கு. முதலில் தெருமுனை வரை போய் வந்தாலே போதும். ராயபுரத்தில் இருப்பவர்களுக்கு ராபின்சன் பூங்கா இருக்கிறது. 1949-இல் தி.மு.க. தொடங்கப்பட்ட அதே இடம்தான், இன்று அறிஞர் அண்ணா பூங்கா. லாரி ஓடாத நேரமாகப் பார்த்துப் போங்கள். மணலி, எண்ணூர் பக்கம் காற்றில் நெடி இருக்கும் நாளில் வீட்டு வராந்தாவிலேயே நடந்துவிடுங்கள்.

படி 5: எழுதிப் பாருங்கள், முடியாவிட்டால் போனில் பேசுங்கள்

மனதில் அடைத்துக் கிடப்பதை எழுதுவது உடம்புக்கே நல்லது என்று 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் காட்டினார். அவருடைய முறை எளிது: அடுத்தடுத்து மூன்று நான்கு நாள், தினம் 15 முதல் 20 நிமிடம், எழுத்துப் பிழை பார்க்காமல், நிறுத்தாமல், ஆழத்தில் இருப்பதை எழுதுவது. 2002-இல் ஆனெட் ஸ்டான்டன் என்பவரின் குழு இதை மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களிடம் செய்து பார்த்தது. ஒரு பிரிவினர் தங்கள் பயம், கோபம் எல்லாவற்றையும் எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் இந்த நோயில் கண்ட நல்லதை எழுதினார்கள். மூன்றாவது பிரிவினர் வைத்தியத் தகவல்களை மட்டும் எழுதினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், தகவல் மட்டும் எழுதியவர்களைவிட முதல் இரண்டு பிரிவினரும் நோய்த் தொல்லைக்காக டாக்டரிடம் போனது குறைவு.

ஆகவே பயத்தை எழுதினாலும் பலன், நல்லதை எழுதினாலும் பலன். நான் சொல்வது, முதல் இரண்டு நாள் மனதில் உள்ள அழுக்கு முழுவதும் வெளியே வரட்டும். மாமியார் சொன்ன சொல், கடன், மொட்டைத் தலை, எதுவானாலும் சரி. மூன்றாவது நாள், "இந்த ஆறு மாசத்துல எனக்குப் புதுசா தெரிஞ்சது என்ன?" என்று ஆரம்பியுங்கள். ஒன்றும் தோன்றாவிட்டால் "ஒன்றும் தோன்றவில்லை" என்றே எழுதுங்கள். எழுதிய பிறகு கிழித்துப் போடலாம். எழுதப் பிடிக்காதவர்கள் போன் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டுப் பேசலாம், பிறகு அழித்துவிடலாம். எழுதிய இரண்டு மூன்று நாள் கழித்தும் மனசு இன்னும் கீழேதான் போகிறது என்றால் நிறுத்திவிட்டு படி 9-க்குப் போங்கள்.

படி 6: கண்ணாடி

பல பெண்கள் ஆபரேஷனுக்குப் பிறகு தழும்பைப் பார்க்காமல் மாதக்கணக்கில் குளிக்கிறார்கள். அதில் தப்பில்லை. தயாரானதும் முதலில் துணியின் மேல் கை வைத்துப் பாருங்கள், பிறகு கையால் தொட்டு, பிறகு கண்ணாடியில். ஒரே நாளில் எல்லாம் வேண்டாம்.

சிலிக்கான் செயற்கை மார்பகம் விலை அதிகம். பருத்தித் துணியில் பஞ்சு வைத்துத் தைத்தது நம் ஊர்ப் புழுக்கத்துக்கு நல்லது, துவைத்துக் காயவைக்கலாம். நம்பிக்கையான டெய்லர் அக்காவிடம் உள்ளே பை வைத்து பிளவுஸ் தைத்துத் தரச் சொல்லுங்கள். ஒன்றும் வைக்காமல் அப்படியே இருப்பதும் உங்கள் இஷ்டம்.

கணவன் மனைவி நெருக்கம் பற்றி நம்மிடம் யாரும் பேச மாட்டார்கள். கீமோவாலும் ஹார்மோன் மாத்திரையாலும் வறட்சியும் வலியும் வரும். ஆசை குறைவதும் இயல்புதான். டாக்டரிடம் கேட்கலாம், அவர்களுக்கு இது புதிதல்ல. வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று கணவரிடம் சொல்லுங்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் முறையாக இதைச் சொன்னேன், அதன் பிறகு எங்களுக்குள் பேச்சே மாறிவிட்டது என்று என்னிடம் சொன்ன பெண்கள் உண்டு.

படி 7: ஒரு தாள், இரண்டு பத்தி

சிகிச்சை ஓடும்போது இது வேண்டாம். கீமோ முடிந்து தலையில் முடி துளிர்க்கும் காலத்தில் செய்யுங்கள். தாளின் ஒரு பக்கம், "இனி செய்ய மாட்டேன்." மறு பக்கம், "இனி செய்வேன்." ஒவ்வொன்றிலும் மூன்றுக்கு மேல் வேண்டாம்.

முதல் பத்தியில் நான் அடிக்கடி பார்ப்பது: எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிட மாட்டேன். உடம்பு முடியாத நாளில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போக மாட்டேன். குடிக்கப் பணம் தர மாட்டேன். கடைசியாகச் சொன்னதை எழுதியவர் வியாசர்பாடியில் வீட்டு வேலை செய்பவர். எழுதியதைச் செய்துகாட்ட அவருக்கு ஒரு வருடம் ஆனது, நடுவில் சண்டையும் வந்தது. அண்ணன் தம்பிகளை முன்கூட்டியே துணைக்கு வைத்துக்கொண்டார். அடி உதை நடக்கும் வீடாக இருந்தால் தனியாக எதிர்த்து நிற்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது.

இரண்டாவது பத்தியில் பெரிய கனவு எழுத வேண்டியதில்லை. விட்டுப்போன பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுவது, காலையில் இட்லிக் கடை போடுபவர் ஞாயிற்றுக்கிழமை கடையை மூடுவது, பேத்திக்குக் கேரம் சொல்லிக்கொடுப்பது எல்லாமே பெரிய விஷயங்கள்தான். எது எழுதினாலும் முதல் சின்ன வேலையையும் பக்கத்தில் எழுதுங்கள்: யாரைக் கேட்பது, எந்த நாள் போவது. நகையை விற்றுத் தொழில், புதிதாகச் சீட்டு, வீடு மாறுவது போன்றவற்றை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள்.

படி 8: சாமி

பௌர்ணமி வெள்ளியில் மேலூர் திருவுடை அம்மன், திருவொற்றியூர் வடிவுடை அம்மன், வட திருமுல்லைவாயில் கொடியிடை அம்மன் மூன்று பேரையும் ஒரே நாளில் பார்ப்பது நம் பக்கத்து வழக்கம். ராயபுரம் பேதுரு கோவிலில் மெழுகுவத்தி ஏற்றுபவர்களும், தர்காவில் ஓதச் சொல்பவர்களும் உண்டு. எது உங்களுக்குத் தெம்போ அதைச் செய்யுங்கள். கீமோ காலத்தில் கூட்டத்தில் முகக்கவசம் போடுங்கள், நீண்ட விரதம் இருக்காதீர்கள். மஞ்சள் தண்ணி, மந்திரித்த தகடு என்று சொல்லி மருந்தை நிறுத்தச் சொல்லும் ஆளிடம் மட்டும் போக வேண்டாம்.

சாமி மேல் கோபம் வந்தாலும் அதுவும் பக்திதான் என்பது என் எண்ணம். வடிவுடை அம்மன் முன்னால் நின்று திட்டிவிட்டு வந்த பெண்கள் அடுத்த வாரமும் போகத்தான் செய்கிறார்கள்.

படி 9: பயம் திரும்ப வரும் நாட்கள்

சிகிச்சை முடிந்ததும் எல்லோரும் "சரியாயிடுச்சு" என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அப்போதுதான் பயம் உள்ளே வந்து உட்காரும். முதுகு வலித்தால் அதுவோ, இருமினால் அதுவோ என்று இருக்கும். செக்கப்புக்கு முந்தைய வாரம் தூக்கம் போகும். இது எல்லோருக்கும் வருவது. அந்த வாரத்துக்கென்று ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: கூட வருவது யார், ரிசல்ட் வரும் வரை போனில் யாரிடம் பேசுவது, அன்று சமையல் யார். புதுக் கட்டி, தோலில் மாற்றம், இரண்டு வாரம் தாண்டியும் போகாத எலும்பு வலி, மூச்சுத் திணறல், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றுக்கு செக்கப் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆசையில்லை, தூக்கம் சாப்பாடு இல்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் அது மன அழுத்தம். அதற்கு மருந்தும் ஆலோசனையும் இருக்கின்றன. டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழக சுகாதார உதவி எண் 104 இரண்டிலும் தமிழில் பேசலாம், காசு இல்லை. ஸ்டான்லியில் மனநல ஓ.பி. இருக்கிறது. டமாக்சிஃபென் சாப்பிடுபவர்கள் மனநல டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள், சில மன அழுத்த மாத்திரைகள் அதன் வேலையைக் குறைத்துவிடும்.

நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டது என்று தெரிந்தவர்களுக்கும் இந்த வழிகாட்டி உண்டு. உங்களிடம் "ஜெயிச்சுட்டு வா" என்று சொல்பவர்களைப் பொருட்படுத்தாதீர்கள். பல வருடம் மருந்தோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். வலி நிவாரண சிகிச்சையைக் கடைசிக் கட்டம் என்று நினைக்காமல் இப்போதே கேளுங்கள். வலி அடங்கினால்தான் பேரனோடு உட்கார முடியும். படி 7-இல் உள்ள தாளை உங்களுக்கு ஒரு மாதக் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள். யாரோடு சமாதானம் ஆக வேண்டும், யாருக்கு என்ன தர வேண்டும் என்பதை நீங்களே சொல்லிவிடுவது பெரிய நிம்மதி.

படி 10: இன்னொருத்திக்குத் துணையாக

உங்கள் உடம்பும் மனசும் தயாரான பிறகுதான் இது. ஆஸ்பத்திரி வாசனையே இன்னும் வயிற்றைப் புரட்டுகிறது என்றால் மறுத்துவிடுங்கள்.

முதலில் வீட்டுப் பெண்கள். அக்கா தங்கச்சி, மகள் எல்லோரும் உங்கள் நோயைப் பற்றி டாக்டரிடம் சொல்லி, எந்த வயதிலிருந்து பரிசோதனை வேண்டும் என்று கேட்க வேண்டும். சின்ன வயதில் உங்களுக்கு வந்திருந்தால் இது இன்னும் முக்கியம். ஆண்களுக்கும் அரிதாக வரும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

அப்புறம் தெருப் பெண்கள். கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வலிக்கவில்லையே என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஆரம்பத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. இந்த ஒரு தகவலைத் தண்ணி லாரி வரிசையில் சொன்னாலே போதும்.

ஒருவரோடு கூடப் போகும் நாளில் பைல், தண்ணீர் பாட்டில், பிஸ்கட், பேனா, முழு சார்ஜ் உள்ள போன் எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கனுக்குச் சீக்கிரம் போய்விடுங்கள். உங்கள் கதையை அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். "தைரியமா இரு" என்று சொல்ல வேண்டாம், "என்ன பயமா இருக்கு?" என்று கேளுங்கள். டாக்டர் அறைக்குள் போனதும் அந்தப் பெண்ணையே பேச விடுங்கள். அவர் கேட்க மறந்ததை மட்டும் கடைசியில் ஞாபகப்படுத்துங்கள். வெளியே வந்ததும் அடுத்து வர வேண்டிய தேதியைப் பைலின் மேல் அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.